சொல் விவாதம்: வேலை முடிந்ததும் தன் மின்சாரத்தைத் தானே வெட்டி அணைந்துகொள்ளும் பேட்டரிச் சுற்றுக்கு என்ன பெயர்?

> தானியங்கு நிலைமாற்றி என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனால் வேறு ஒன்று புரியும். அந்தி சாய்ந்ததும் தெருவிளக்கைப் போடுவதும் தானியங்கு நிலைமாற்றிதான், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவதும் அதுதான். அவை நாள் முழுக்க மின்சாரம் எடுத்துக்கொண்டே காவல் இருக்கும். லைன் மின்சாரம் என்பதால் அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பேட்டரியில் அப்படி முடியாது. 9 வோல்ட் பேட்டரியோடு, அதை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 சில்லு போட்டவர்களுக்குத் தெரியும்: அந்தச் சில்லு மட்டுமே 5 மில்லியாம்பியர் அளவுக்குக் குடிக்கும். பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லியாம்பியர்-மணி என்று வைத்தால், ஒரு வேலையும் செய்யாமலே நாலு நாளில் படுத்துவிடும். சிஆர்2032 பட்டன் செல்லில் சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. சுற்று சும்மா இருக்கையில் 10 மைக்ரோஆம்பியர் எடுத்தால் இரண்டரை ஆண்டு வரும். நானோஆம்பியருக்கு இறக்கிவிட்டால், சுற்று குடிப்பதைவிட செல் தானாக வடிவதே அதிகம்.

அந்த அளவுக்கு இறக்கும் சுற்று இதுதான். பேட்டரியின் நேர்முனைக்கும் மற்றவற்றுக்கும் நடுவே ஒரு பி-சேனல் மாஸ்பெட், அதாவது சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர். அதன் கேட்டை (அதைப் போட்டு அணைக்கும் முனையை) 1 மெகாஓம் மின்தடை ஒன்று நேர்முனையோடு கட்டி வைத்திருக்கும், மாஸ்பெட் கடத்தாது. பொத்தானை அழுத்தினால் கேட் தரைக்கு, அதாவது பேட்டரியின் எதிர்முனைக்கு, இறங்கும், மின்சாரம் பாயும், கருவியை இயக்கும் குட்டிக் கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் விழிக்கும். விழித்ததும் அதன் முதல் வேலை, சின்ன என்-சேனல் மாஸ்பெட் ஒன்றின் வழியாக அதே கேட்டைத் தரையோடு பிடித்துக்கொள்வது. அப்புறம் விரலை எடுத்தாலும் அணையாது. வேலை முடிந்ததும் பிடியை விட்டுவிடும், தன் மின்சாரத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். அந்த 1 மெகாஓம் வழியாக 3 வோல்ட்டில் 3 மைக்ரோஆம்பியர் போவதும் பிடித்திருக்கும் வரைதான். அணைந்த பிறகு மிஞ்சுவது மாஸ்பெட்டின் கசிவு மட்டும்.

> உறங்கு நிலைமாற்றி?

இதுவும் ஒத்துவராது. உறங்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். நினைவகம் அழியாது, மென்பொருள் தொங்கினால் சில்லை மறுபடி தொடங்கவைக்கும் காவல் கடிகாரம் (வாட்ச்டாக் டைமர்) வேண்டுமானால் ஓடும். அட்டைனி85 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலரில் அந்தக் கடிகாரத்தை ஓடவிட்டால் அதற்கே சில மைக்ரோஆம்பியர் வேண்டும். வெட்டிக்கொண்ட சுற்றுக்கு நினைவகமும் இல்லை, கடிகாரமும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிற மாணவர் குழம்பிப்போவார்.

'தாழ்' என்று இன்னொருவர் சொன்னார். தாழ்ப்பாள் என்ற பொருளில் அழகான சொல். ஆனால் தாழ் மின்னழுத்தம், தாழ் திறன் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். 'தாழ் நிலைமாற்றி' என்றால் குறைந்த மின்னழுத்தத்துக்கானது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: தற்பிடி ஆளி. தற்காப்பு போலத் தற்பிடி. மோட்டாருக்குக் கான்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) மாட்டும் எலக்ட்ரீசியன்கள் 'ஹோல்ட் ஆகுது' என்பதும் இந்தப் பிடியைத்தான். ஆளி, சுவிட்சுக்கு இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் சொல். தமிழ்நாட்டில் சிலருக்கு ஆளி விதை ஞாபகம் வரும், போகட்டும். வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: 'பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் மீட்டர் பிடிவிடும்', 'மென்பொருள் தொங்கினால் ஆளி பிடிவிடாது, பேட்டரி தீர்ந்துபோகும்'.

7805 சும்மா குடிக்கிறதே, அதை 'ஓய்வு மின்னோட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.