கனிவான மனிதர்களைச் சந்தித்த அனுபவம் உண்டா?

போர்ட் லூயிஸிலிருந்து:
மொரீஷியஸுக்கு நான் தையல் வேலைக்கு வந்த முதல் மாதம். தூக்கக் கலக்கத்தில் நாற்பது சட்டைக்குக் காலரை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் ஒரு கிரியோல் அம்மா, இந்தத் தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர். அவர் வருவதைப் பார்த்ததும் கை உதறியது. ஊரில் நான் முன்பு வேலை பார்த்த இடமாக இருந்தால், சட்டை முகத்தில் வந்து விழுந்திருக்கும்.

அவர் ஒரு காலரைப் புரட்டிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலைந்து தையலுக்கு ஒருமுறை நூலை அறுத்து, மறுபக்க நூலை ஒரே இழுப்பில் உருவினார். துணியில் ஒரு கீறல் இல்லை. பாதி அவர், பாதி நான் என்று பிரித்து முடித்தோம். "மோ திஃபி" என்றுதான் கூப்பிட்டார். என் மகளே என்று அர்த்தம். "இன்றைக்குக் கணக்கு குறையும், மேலே நான் சொல்லிக்கொள்கிறேன். நாளையிலிருந்து முதல் சட்டையை என்னிடம் காட்டிவிட்டு அடுத்ததைத் தை" என்றார். தப்பைத் தப்பென்றுதான் சொன்னார், எனக்கு ஒரு இடத்திலும் வலிக்கவில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் 8 இரவு, சேந்த் குருவாவில் இருக்கும் லவால் சாமியாரின் கல்லறைக்கு என்னையும் நடத்திக் கூட்டிப்போனார். பிரான்சில் மருத்துவராக இருந்து குருவானவர் அவர். 1841இல் இந்தத் தீவுக்கு வந்தபோது, அடிமைமுறை ஒழிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. விடுதலையானவர்களின் கிரியோல் பேச்சைக் கற்றுக்கொண்டு, 1864இல் கண்மூடும்வரை அவர்களோடே இருந்தார். 'மிசியே, மதாம்' என்று மரியாதையோடுதான் கூப்பிடுவாராம். சூப்பர்வைசரம்மா இதை நடந்துகொண்டே சொன்னபோது, அந்த 'மோ திஃபி' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. நீங்களும் எழுதுங்கள்.

ரோஸ்ஹில்லிலிருந்து:
அக்கா, என் பாட்டி முருக பக்தை. தைப்பூசக் காவடிக்கு விரதம் தவறமாட்டார். ஆனாலும் செப்டம்பர் வந்தால் மெழுகுவர்த்தியோடு சேந்த் குருவாவுக்குக் கிளம்பிவிடுவார். கேட்டால், "அவர் யாரையும் அதட்டாத சாமி" என்பார்.

கியூர்பைப்பிலிருந்து:
எல்லாரும் மன்னிக்கணும். என் அம்மா புகுந்த வீட்டில் அடி வாங்கிக்கொண்டு சபைப் பெரியவர்களிடம் போய் நின்றபோது, "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

கத்ர்போர்னிலிருந்து:
தங்கச்சி, அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அதற்குச் சாந்தம் என்று பேர் வைத்தது அதைவிடப் பெரிய அநியாயம். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்ற அதே இயேசுதான் ஆலயத்தில் காசு மாற்றி வியாபாரம் செய்தவர்களின் மேசைகளைக் கவிழ்த்தார். அடிக்கிறவனைத் தட்டிக்கேட்காமல் அடிபட்டவளுக்கு வசனம் சொல்வது எந்தக் கணக்கில் சாந்தம்? கத்தோலிக்க விவிலியத்தில் இந்தக் குணத்தைக் கனிவு என்றே போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். கனிந்த பழம் மெத்தென்று இருக்கும், உள்ளே கொட்டை கெட்டியாகவே இருக்கும்.

நான் வார்டில் உதவியாளாக இருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். நடுராத்திரி ஒரு நோயாளியின் மகன் குடித்துவிட்டு வந்து, அப்பாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கதவை உதைத்தான். ஜெபக்காரரான வயசான நர்ஸ் ஒருவர் வாசலில் போய் நின்றார். சத்தம் ஏறவே இல்லை. "அப்பா இப்போதுதான் கண் அசந்தார், ஐயா. விடிந்ததும் வாருங்கள், கதவை நானே திறக்கிறேன்." அவன் எத்தனை முறை கத்தினானோ அத்தனை முறையும் அதே பதில், அதே குரல். நிலைப்படியை விட்டு ஒரு அடி நகரவில்லை. கடைசியில் அவன்தான் இறங்கிப் போனான்.

கியூர்பைப்பிலிருந்து:
அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: "காலையில் கதவைத் திறந்தது அந்த நர்ஸ்தானா?"

கத்ர்போர்னிலிருந்து:
அவரேதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். டியூட்டி ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. அவன் வந்து சேர ஏழரை ஆனது. அதுவரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.