இரண்டு 40 அடி கன்டெய்னரைச் சேர்த்து வீடு: நடுச்சுவரை முழுவதும் வெட்டலாமா?

கேள்வி:
வணக்கம். நான், என் மனைவி, சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மா, மூன்று பேருக்கான வீடு. இரண்டு 40 அடி கன்டெய்னர்களை ஒட்டி வைத்து, நடுவில் வரும் இரண்டு நீளச் சுவர்களையும் எடுத்துவிட்டால் 16 அடி அகலத்துக்கு ஒரே கூடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நாற்காலி தாராளமாகத் திரும்ப வேண்டும். பழைய கன்டெய்னரை நம்பி வாங்கலாமா? வெயிலைச் சமாளிக்க முடியுமா? கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, நானும் இரண்டைச் சேர்த்துத்தான் கட்டினேன். ஆறு வருடமாக அதில் குடியிருக்கிறோம்.

முதலில் சுவர். கன்டெய்னரின் பாரம் நான்கு மூலைத் தூண்களில் இறங்குகிறது. ஆனால் 40 அடி நீளத்துக்கு மேல்விட்டம் தொய்யாமல் பிடித்திருப்பது அந்த நெளிதகட்டுச் சுவர்தான். தகடு 2 மில்லிமீட்டர்கூட இருக்காது, என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்து, நானும் வெட்டச் சொல்லிவிட்டேன். பாதி வெட்டும்போதே கூரை நடுவில் இறங்கியது. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சதுரக் குழாயில் சட்டம் அடித்து நிமிர்த்துவதற்குள் இரண்டு வாரம் போனது. சட்டத்தை முதலில் வெல்டிங் செய்யுங்கள், பிறகு வெட்டுங்கள். எவ்வளவு கனத்தில் குழாய் போடுவது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் 16 அடி வெளி அளவு. உள் அகலம் ஒன்றுக்கு 7 அடி 8 அங்குலம்தான். வெளிச்சுவர்களில் வெப்பம் தடுக்கும் ஃபோமும் பலகையும் ஏறினால் கையில் மிஞ்சுவது 15 அடி. நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் போதும், ஆகவே கூடத்தில் கவலை இல்லை. குளியலறையில்தான் இடிக்கும். அதை முதலில் வரைந்துவிட்டு மற்ற அறைகளுக்குப் போங்கள்.

உயரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம், ஒன்பதரை அடி உயரமுள்ள ஹை கியூப் வகைப் பெட்டி வாங்குங்கள். எட்டரை அடிப் பெட்டியில் ஃபால்ஸ் சீலிங் போட்டால், கை தூக்கினால் மின்விசிறியில் படும்.

வெயிலைவிட என்னைப் படுத்தியது ஈரம். இரவில் இரும்பு குளிர்ந்ததும் உள்காற்றின் ஈரம் தகட்டில் வியர்த்து, பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடித்தது. பஞ்சு அடைத்திருந்தேன், எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதாயிற்று. தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் ஸ்ப்ரே ஃபோம்தான் அதற்குச் சரி. அதைத் திறந்தபடி விடாதீர்கள், தீப்பிடிக்கும். மேலே ஜிப்சம் போர்டு கட்டாயம்.

பதில் 2:
நான் வெல்டர். பழையது வாங்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் மழை உள்ளே வரும். அப்புறம் தரை. 28 மில்லிமீட்டர் பிளைவுட், பூச்சி வராமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் இருக்கும் தகட்டில் அந்த விவரம் இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். கடுமையான ரசாயன வாடை வந்தால் வேறு பெட்டி பாருங்கள். மின்வயர் இழுக்கும்போது இரும்புக் கூட்டை எர்த்தோடு இணைக்க மறக்காதீர்கள்.

பதில் 3 (கேட்டவர்):
ரொம்ப நன்றி அண்ணா. அப்படியானால் சுவரை முழுக்க எடுக்காமல், 10 அடிக்கு இரண்டு திறப்பு மட்டும் வைத்தால் போதுமா? நடுவில் சுவர் நிற்கும் இடத்தில் அலமாரி வைத்துக்கொள்வோம்.

பதில் 4 (முதல் பதில் எழுதியவர்):
அது நல்ல யோசனை தம்பி. சட்டம் அப்போதும் வேண்டும், ஆனால் வேலை பாதியாகக் குறையும். அம்மாவுக்காக இன்னொன்று: இரண்டு பெட்டிக்கும் அஸ்திவாரம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு மூலை அரை அங்குலம் இறங்கினாலும் இணைப்பில் படி விழும், சக்கரம் அங்கே தட்டும். தரை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்தால் சாய்தளத்துக்கு 18 அடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. கிரேன் வருவதற்கு முன்பே அந்த இடத்தைக் கயிறு கட்டிக் குறித்து வையுங்கள்.