மறுமொழி: ஹொப் – தாவலா, துறையா, கடவையா?

அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் தரவு சிறு சிறு பொதிகளாக (பாக்கெட்) போகிறது, வழியில் அவற்றைக் கடத்திவிடும் கருவி திசைவி (ரவுட்டர்). பொதி ஒரு திசைவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு கட்டமும் ஆங்கிலத்தில் ஹொப். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் நம் கேள்வி. தாவல் என்ற சொல் எளிமையானது என்று அக்கரைப்பற்று அண்ணன் எழுதியிருந்தார். எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் உலாவியில் வரும் டேப்புக்கும் நம்மில் சிலர் தாவல் என்றே எழுதிவருகிறோம். "மூன்றாவது தாவலில் பொதி நின்றுவிட்டது" என்று கையேட்டில் கண்டால் வாசிப்பவர் உலாவியைத்தான் திறந்து பார்ப்பார்.

கல்லடியில் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில், எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை ஓடவிட்டோம். வந்த விடையில் டிடிஎல் (டைம் டு லிவ், பொதியோடு போகும் ஓர் எண்) 54 என்றிருந்தது. "54 செக்கனா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டார். பிழை அவருடையதல்ல, டிடிஎல்லுக்கு 'வாழ்நாள்' என்று குறிப்பில் எழுதிக் கொடுத்த என்னுடையது. 1981இல் ஐபி நெறிமுறையை (இணையத்தில் பொதிகளை அனுப்பும் விதிகளை) வரையறுத்தவர்களும் அதைச் செக்கனில்தான் அளந்தார்கள். ஆனால் எவ்வளவு விரைவாகக் கடத்தினாலும் ஒவ்வொரு திசைவியும் குறைந்தது ஒன்றைக் கழிக்க வேண்டும் என்றும் கூடவே எழுதிவைத்தார்கள். நடைமுறையில் நேரம் மறைந்து எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. ஐபி 6ஆம் பதிப்பில் பெயரையே 'ஹொப் லிமிட்' என்று மாற்றிவிட்டார்கள். அவர்களே கைவிட்ட பெயரை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்?

அந்த 54க்கு வருகிறேன். எதிர்முனை 64இல் தொடங்கியிருந்தால் (லினக்ஸில் அதுவே வழக்கம்), திரும்பி வந்த வழியில் பத்துத் திசைவிகள் ஒவ்வொன்றாகக் கழித்திருக்கின்றன. இரண்டு திசைவிகள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டால் பொதி ஓயாமல் சுற்றும் அல்லவா, அதைத் தடுக்கத்தான் இந்தக் கழித்தல். எண் பூச்சியமானால் திசைவி பொதியை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு அறிவித்தல் விடும். பொதி போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை செய்வது அதை வைத்து ஒரு குறும்பு: வேண்டுமென்றே 1, 2, 3 என்று போட்டனுப்பி, எறிந்தவர் யார் என்று கேட்டுக்கொள்கிறது. அன்று எங்கள் திரையில் முதல் வரி 192.168.1.1, வகுப்பறைத் திசைவி. நான்காவது வரியில் வெறும் மூன்று நட்சத்திரங்கள். பிள்ளைகள் இணைப்பு அறுந்துவிட்டது என்றார்கள். அதற்குள் ஐந்தாவது வரி வந்துவிட்டது. நான்காவது திசைவி வாய் திறக்கவில்லை, பொதியை மட்டும் கடத்திவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு 'கடவை'. புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று நாள்தோறும் சொல்கிறோம், புதிதாக விளக்க வேண்டியதில்லை. டிடிஎல்லும் ஹொப் லிமிட்டும் 'கடவை வரம்பு' ஆகும். பொதியை எங்கே அனுப்புவது என்று திசைவி பார்க்கும் வழி அட்டவணையில் வரும் நெக்ஸ்ட் ஹொப்பை 'அடுத்த கடவை' என்று எழுதலாம்.

இன்னொருவர் 'துறை' கேட்டிருந்தார். குருக்கள்மடத்தில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவை) அம்பிளாந்துறையில் இறங்கியவனுக்கு அந்தச் சொல்லில் ஆசை வராமல் இருக்குமா? ஆனாலும் கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணான போர்ட்டுக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே. "துறை 80க்குப் போக ஒன்பது துறை" என்று எழுத எனக்குக் கை வராது.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ரயில்வே கேட் என்பார்கள், கடவை அங்கே இவ்வளவு புழக்கமில்லை. அங்குள்ள நண்பர்கள் இதைப் பற்றிக் கருத்து எழுதினால் நல்லது. ஞாயிறு வகுப்புக் குறிப்பில் கடவை என்றே தட்டச்சிட்டுவிட்டேன். மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை பிரதியெடுக்கக் கொடுக்கிறேன்.