கோடியக்கரையில் எடுத்த பூநாரைப் படங்கள் மட்டும் கலங்கித் தெரிகின்றன: லென்ஸ் பழுதா?

தஞ்சைப் பறவை:
அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரியில் கோடியக்கரை சரணாலயத்தில் எடுத்த படங்களில் ஒரு சிக்கல். கேமரா டிஎஸ்எல்ஆர், லென்ஸ் 150-600 மி.மீ. ஜூம், கனமான முக்காலி. ஷட்டர் வேகம் 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800. விடிந்ததும் புல்வெளியில் எடுத்த வெளிமான் படங்களில் இமை மயிர்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. பதினொரு மணிக்குமேல் சதுப்பு ஓரத்தில் நின்று எடுத்த பூநாரைப் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. கால்கள் நெளிகின்றன, கழுத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரிகிறது. பறவைகள் இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றன. கடையில் காட்டினால், தூரத்துப் பொருளில் ஃபோகஸ் விழவில்லை, லென்ஸைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். கேட்கும் தொகையும் சிறியதல்ல. கொடுத்துவிடலாமா?

உப்பளத்தான்:
கொடுக்க வேண்டாம். நான் வேதாரண்யத்துக்காரன், அந்தச் சதுப்பைப் பார்த்தே வளர்ந்தவன். நீங்கள் எழுதியதைப் படித்தால் கானல் என்றுதான் தோன்றுகிறது. வெயில் ஏற ஏறச் சேற்றுப் பரப்பும் உப்புத் தரையும் சூடாகி, ஒட்டிய காற்றையும் சூடாக்குகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும்போது அதன் வழியே வரும் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. இருநூறு மீட்டர் தூரமும் அந்தக் காற்றைத் தாண்டித்தான் பூநாரை உங்கள் லென்ஸுக்கு வந்து சேர்கிறது. ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. வளைந்து வந்த ஒளியைத்தான் அதுவும் பதிவு செய்யும்.

ஒன்று மட்டும் பாருங்கள். தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒரே பறவையின் ஒரே காலை நூறு விழுக்காடு பெரிதாக்கி, அடுத்தடுத்து ஓட்டுங்கள். நெளிவு படத்துக்குப் படம் இடம் மாறினால் காற்றின் வேலை. லென்ஸ் கோளாறு அப்படி இடம் மாறாது; எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கும்.

தஞ்சைப் பறவை:
ஓட்டிப் பார்த்தேன். முதல் படத்தில் முழங்காலுக்குக் கீழே நெளிவு, அடுத்ததில் கால் நேராக இருக்கிறது, கழுத்து உடைந்தது போல் விலகி நிற்கிறது. மூன்றாவதில் அலகே தடித்துவிட்டது. பறவை அசையவே இல்லை.

முக்காலி:
உப்பளத்தான் ஐயா சொன்னது சரி. ஆனாலும் லென்ஸின் மேல் விழுந்த சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள், செலவில்லாத வேலை. அதிகாலையில், வெயில் படாத சுவரில் செய்தித்தாளை ஒட்டுங்கள். பதினைந்து மீட்டர் தள்ளி முக்காலியை நிறுத்தி, அதிர்வுத் தடுப்பை அணைத்து, டைமர் வைத்து 600 மி.மீ.இல் எடுங்கள். முதலில் லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து, ஃபோகஸ் செய்து சில படங்கள், பிறகு கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே சில படங்கள். லைவ் வியூவில் எழுத்து கூர்மையாகவும் வியூஃபைண்டரில் மங்கலாகவும் வந்தால் ஃபோகஸ் அளவீடு பிசகியிருக்கிறது. பல கேமராக்களில் மெனுவிலேயே அதைத் திருத்தலாம். இரண்டிலும் மங்கல் என்றால்தான் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். லென்ஸ் முன்னால் மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டும் எடுத்துப் பாருங்கள். 600 மி.மீ.இல் அதுவே படத்தைக் கெடுத்துவிடும்.

ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரை ஈரம் படியும். காருக்குள் இருந்தபடி திறந்த ஜன்னல் வழியே எடுத்தாலும், உள்ளே இருக்கும் குளிர்காற்றும் வெளிச் சூடும் லென்ஸ் முன்னாலேயே கலந்து கானலை உண்டாக்கும்.

கடல்காற்று:
இவ்வளவு எதற்கு? சேற்றில் இறங்கி ஐம்பது மீட்டர் வரை போய்விட்டால் கானலும் இல்லை, ஒன்றுமில்லை.

உப்பளத்தான்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பூநாரை தலையைத் தண்ணீரில் கவிழ்த்து, அலகால் சலித்துச் சலித்துத்தான் வயிற்றை நிரப்புகிறது. நாம் நெருங்கினால் முதலில் ஓரத்துப் பறவைகள் தலையைத் தூக்கும். பிறகு கூட்டமே கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். அடுத்து எழும்பிவிடும். அந்த வேளை இரை போயிற்று, சக்தியும் வீண். தலைகள் நிமிர்ந்ததுமே நின்றுவிட வேண்டும். உடனே பின்வாங்கினால் இன்னும் நல்லது. கோடியக்கரை 1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமானது, 2002இல் ராம்சர் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வனத்துறை அனுமதித்த பாதைதான் நமது எல்லை.

நேரத்தை மாற்றுங்கள், அதுதான் வழி. விடிந்து முதல் ஒரு மணி நேரம், மேகம் மூடிய நாள், மழை பெய்து தரை குளிர்ந்த மறுநாள் இவை நல்லவை. உச்சி வெயிலில் 600ஐ மறந்து 150இல் எடுங்கள்: கூட்டம் முழுவதும், மேலே வானம், கீழே தண்ணீர். பறவை சிறிதாக இருப்பதால் நெளிவு கண்ணை உறுத்தாது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். அது பறவையோடு சேர்த்துக் கானலையும் பெரிதாக்கும்.

தஞ்சைப் பறவை:
செய்தித்தாள் சோதனையில் லைவ் வியூ, வியூஃபைண்டர் இரண்டிலும் வரி விளம்பரம்வரை படிக்க முடிகிறது. லென்ஸைக் கடைக்கு அனுப்பவில்லை. நேற்று விடியற்காலையில் அதே இடத்துக்குப் போனேன். பூநாரைகள் அதே தூரத்தில்தான் நின்றன. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கால் காலாக இருக்கிறது, இளஞ்சிவப்பு இறகின் மடிப்பு தெரிகிறது. ஏழரைக்குப் பிறகு எடுத்தவற்றில் மெல்ல நெளிவு தொடங்குவதையும் பார்த்தேன்.

இன்னும் ஒரு சந்தேகம். கரையோரம் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்களைத் தரையில் படுத்து எடுக்கச் சொல்கிறார்களே, அதற்கும் கானல் இடைஞ்சலா?

முக்காலி:
பெரிய இடைஞ்சல்தான், சூடு அதிகம் இருப்பது தரையை ஒட்டித்தானே. பறவை பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இருந்தால், வெயில் ஏறும் முன் படுங்கள். தூரத்தில் இருந்தால் எழுந்து நின்றே எடுங்கள். நீங்கள் முன்னதாகவே படுத்து அசையாமல் இருந்தால் உள்ளான்கள் இரை தேடித் தாமே அருகே வரும்.

உப்பளத்தான்:
அப்படி வரும் உள்ளானின் காலையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறார்கள். வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் அதன் நிறம், எந்தக் காலில், எழுத்து ஏதும் உண்டா என்று குறித்து, தேதியோடு படத்தை அவர்களுக்கு அனுப்புங்கள்.