கேக் நடுவுல குழி விழுது, கூடை ஒரு பக்கமா சாயுது... ஆசைக்குப் பண்றவங்க கொஞ்சம் வாங்களேன்

வயர்கூடை_திண்டுக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு வயர் கூடை பின்றதுன்னா உயிர். ஒம்பதாவது முழுப்பரீட்சை லீவுல எங்க பெரியம்மாகிட்ட கத்துக்கிட்டது. திண்ணைல உக்காந்து கால் கட்டைவிரல்ல வயர மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, முதல்ல சாதா முடிச்சு, அப்புறம் நெல்லிக்காய், அதுக்கப்புறம்தான் சிவன் கண்ணு. கல்யாணம் குழந்தைன்னு ஆனப்புறம் ஒரு பத்து வருஷம் தொடவே இல்ல. போன வருஷம் பொண்ணோட லஞ்ச் பை மூணே மாசத்துல ஜிப்பு போயிருச்சு, சரி நாமளே ஒண்ணு போட்டுக் குடுப்போம்னு ரெண்டு ரோல் வயர் வாங்கிட்டு வந்து உக்காந்தேன், நம்ப மாட்டீங்க, கை அதுபாட்டுக்கு முடிச்சு போடுது. அன்னிக்கு நைட்டு பன்னெண்டு மணி வரைக்கும் எந்திரிக்கல.

தீபாவளிச் சீட்டு காசுல 19 லிட்டர் ஓடிஜி (கேக் சுடுற சின்ன கரண்ட் அடுப்பு) ஒண்ணும் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா கேக்குதான். பிரச்சனை என்னன்னா கேக் நல்லா பொங்கி வருது, வெளிய எடுத்து வச்ச கொஞ்ச நேரத்துல நடுவுல அப்படியே கிண்ணம் மாதிரி உள்வாங்கிருது. நான் போடுறது 1 கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, 2 முட்டை, அரை கப் எண்ணெய், அரை கப் பால், 1 ஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 ஸ்பூன் ஆப்பசோடா. 6 இன்ச் டின், 180 டிகிரி, 35 நிமிஷம். 15 நிமிஷத்துல ஒரு தடவை திறந்து பாத்துக்குவேன்.

கூடையும் இப்ப போட்டுட்டு இருக்கிறது ஒரு பக்கமா சாயுது. ஏன்னே தெரியல.

இன்னொண்ணு, இதுதான் மனசுல கிடந்து உறுத்துது. வீட்டுக்கு யாரு வந்தாலும் கூடையைப் பாத்ததும் கேக்குற முதல் கேள்வி "எவ்வளவுக்குக் குடுக்குற"ங்கறதுதான். ஒரு தடவை வளைகாப்புக்கு தாம்பூலக் கூடை 12 வேணும்னு கேட்டாங்கன்னு ஒத்துக்கிட்டேன். அவங்க சொன்ன கலர், அவங்க சொன்ன தேதி. பதினோரு ராத்திரி முழிச்சுப் போட்டுக் குடுத்தேன், ஆள்காட்டி விரல் தோலே உரிஞ்சு போச்சு. காசு சொன்னபடி குடுத்தாங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வயரத் தொடவே தோணல. அதான் எனக்குப் பயமாயிருச்சு. எனக்கு இதை ஆசைக்கு மட்டும்தான் பண்ணணும்னு இருக்கு. அப்படிப் பண்றவங்க செலவை எப்படி சமாளிக்கிறீங்க, பண்ணின பொருளெல்லாம் என்ன பண்றீங்க, சுத்தி இருக்கவங்களுக்கு என்ன பதில் சொல்றீங்க?

ரிங்பிரேம்_கோவை:

வணக்கம் அம்மிணி. நான் ஸ்பின்னிங் மில்லுல ரிங் பிரேம் டிபார்ட்மென்ட்ல 31 வருஷம் இருந்து ரிடையர் ஆனவனுங்க. இப்ப வீட்டுல ரொட்டி சுடறேன், அப்பப்ப கேக்கும் உண்டு.

உங்க கேக்குல சோடாதான் ரொம்ப ரொம்ப அதிகம். ஆப்பசோடா முழுசா வேலை செய்யணும்னா கூட ஏதாச்சும் புளிப்பு வேணுமுங்க, தயிரோ மோரோ எலுமிச்சையோ. நீங்க வெறும் பால்தான ஊத்துறீங்க? பேக்கிங் பவுடர்ல அந்தப் புளிப்பு உள்ளயே கலந்திருக்கும், அதனால அது தனியாவே வேலை செய்யும். 1 கப் மைதாவுக்கு 1 ஸ்பூன் பேக்கிங் பவுடர் மட்டும் போதும், சோடாவே வேண்டாம். இல்ல சோடாதான் போடுவேன்னா பாலுக்குப் பதிலா தயிர் ஊத்திக்கிட்டு கால் ஸ்பூன் போடுங்க, பவுடரையும் பாதியாக் குறைச்சுக்கோங்க. ஸ்பூன்னு சொல்றது அளவு ஸ்பூன், 5 மில்லி பிடிக்கிறது, சாப்பிடற ஸ்பூன்ல குவிச்சுப் போடக் கூடாது. உங்க கேக்குல லேசா சோப்பு வாசம் மாதிரி அடிக்குதா பாருங்க, அடிச்சா மிச்சம் நிக்கிற சோடாதான் அது.

காத்து ஒரேயடியா பொங்கினா குமிழி பெருசாகி, மாவு வெந்து கெட்டியாகறதுக்கு முன்னாடியே உடைஞ்சுருமுங்க. டின்னுல நடுப்பாகம்தான் கடைசியா வேகும், அதனால அங்கதான் குழி விழும். இதுல நீங்க 15வது நிமிஷம் கதவையும் திறந்தா உள்ள சூடு சட்டுனு இறங்கிரும், அரைவேக்காட்டுல நிக்கிற மாவு அப்படியே அமுங்கிரும். 30 நிமிஷம் வரைக்கும் கண்ணாடி வழியாவே பாருங்க. ஓடிஜியோட திருகுல 180ன்னு போட்டிருந்தா உள்ள 180 இருக்கும்னு நம்பிராதீங்க, என்னுதுல 20 டிகிரி கம்மியா இருந்துச்சு, உள்ள வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வச்சப்புறம்தான் கண்டுபிடிச்சேன். டிஜிட்டல் தராசு ஒண்ணும் வாங்கிக்கோங்க. மைதாவைக் கப்புல அழுத்தி அள்ளினா ஒரு எடை, உதிரியா போட்டா ஒரு எடை. நான் ஒரு கப்புக்கு 125 கிராம்னு வச்சுக்கறேன்.

விக்கிறதப் பத்திக் கேட்டீங்க. நான் முப்பத்தோரு வருஷம் கடிகாரத்தப் பாத்து ஷிப்டு வேலை செஞ்சவன். ரொட்டி மாவு அப்படியில்லைங்க, அதுக்கு எப்ப தோணுதோ அப்பதான் எந்திரிக்கும். 500 கிராம் மைதாவுக்கு 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 8 கிராம் உப்பு, 310 மில்லி தண்ணி. மார்கழியில ஒண்ணரை மணி நேரம் எடுக்கற மாவு சித்திரையில அரை மணியிலயே பானைய விட்டு வெளிய வந்துரும், வேகமா பொங்குனா ருசி இருக்காது, அதனால வெயில் காலத்துல ஃபிரிட்ஜ் தண்ணி ஊத்திப் பிசைவேன். பிசைஞ்ச மாவுல ஒரு துண்டு எடுத்து ரெண்டு கையாலயும் மெல்ல இழுத்தா கிழியாம ஜன்னல் வெளிச்சம் தெரியற அளவுக்கு மெலிசா வரணும். மில்லுல நூலோட இழுவை விரல்ல தெரியும்ல, அதே மாதிரித்தான் இதுவும். இந்த சந்தோஷத்துக்கு நான் யாருகிட்டயும் தேதி ஒத்துக்க மாட்டேன். எதிர்வீட்டுல ஒண்ணு, மருமக வீட்டுல ஒண்ணு, அவ்ளோதானுங்க.

தூத்துக்குடிக்காரி:

அக்கா நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. விக்கவே கூடாதுன்னு இல்ல, எப்ப விக்கிறோம்னு நாமதான் முடிவு பண்ணணும். நான் வருஷத்துக்கு ஒரே தடவை கிறிஸ்மஸ் சமயத்துல மக்ரூன் போட்டுக் குடுப்பேன். 20 பாக்கெட், இருவத்தோராவது ஆளு யாரு கேட்டாலும் இல்லதான். அதுல வர்ற காசு வருஷம் பூரா முந்திரிக்கும் முட்டைக்கும் கலர் பேப்பருக்கும் சரியாப் போயிரும் (எனக்குப் பேப்பர் குயில்லிங், அதான் கலர் பேப்பரச் சுருட்டி ஒட்டுறது, அந்தப் பைத்தியமும் உண்டு). வீட்டுல "எதுக்கு இந்த வெட்டிச் செலவு"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

எங்கூர் மக்ரூன் சாப்பிட்டிருப்பீங்க, கூம்பு மாதிரி வெள்ளையா இருக்கும். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி மூணே மூணுதான். கடைகள்ல பிழிஞ்சு வச்சுட்டு ராத்திரி பூரா அடுப்போட மிச்சச் சூட்டுலயே காய விட்டுருவாங்க. நான் வீட்டுல பண்றது 4 வெள்ளைக்கரு, 200 கிராம் பொடிச்ச சீனி, 150 கிராம் முந்திரி. ஒரு சொட்டு மஞ்சக்கரு விழுந்தாலும் சரி, பாத்திரத்துல எண்ணெய்ப் பசை இருந்தாலும் சரி, நுரை நிக்காது, அதனால எலுமிச்சைத் தோலால பாத்திரத்த ஒரு தடவை தேச்சுத் துடைச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன். நுரை எப்படி நிக்கணும்னா பாத்திரத்தத் தலைகீழாப் பிடிச்சா கீழ விழக்கூடாது. அதுக்கப்புறம் முந்திரிப் பொடிய மெஷின்ல அடிக்காம கையால மெதுவா மடிச்சு மடிச்சுக் கலக்கணும், முந்திரில இருக்கிற எண்ணெய் நுரைய உடைச்சுரும். 100 டிகிரில ஒண்ணரை மணி நேரம், அப்புறம் சுவிட்ச அணைச்சுட்டு உள்ளயே விட்டுருங்க, காலைலதான் எடுக்கணும். இது வேகுறத விட காயுறதுதான் அதிகம். எங்களுக்குக் கடல் காத்து வேற, எடுத்த உடனே டப்பால போட்டு மூடலைன்னா சாயங்காலத்துக்குள்ள பிசுபிசுன்னு ஆயிரும்.

ஒண்ண எடுத்துக் கடிச்சா முதல்ல மொறுன்னு உடையும், அப்புறம் நாக்குல வச்சதும் ஒண்ணுமே இல்லாம கரைஞ்சு முந்திரி மட்டும் நிக்கும் பாருங்க, அதுக்காகவே எத்தனை தடவை வேணாலும் பண்ணலாம்.

கூடைமுடிச்சு:

கேக்கு பத்தி மேல சொல்லிட்டாங்க, நான் கூடைக்கு வரேன். அடி போடுறப்ப வெட்டுன வயர் எல்லாத்தையும் சரிபாதியா மடிச்சுத்தான் ஆரம்பிச்சீங்களா? அது சரியா இருந்தா அடுத்து முடிச்சு எண்ணிப் பாருங்க. ரன்னிங் வயர் (சுத்திச் சுத்தி வர்ற நீள வயர்) மூலைல திரும்புற இடத்துலதான் ஒரு முடிச்சு விட்டுப் போகும், அது அப்ப தெரியாது, அஞ்சாறு வரி ஏறுனப்புறம்தான் சாய ஆரம்பிக்கும். நாலு மூலைலயும் துணி கிளிப் மாட்டி வச்சுட்டு ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் எதிரெதிர் பக்கம் எண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். எண்ணிக்கை சரியா இருந்தும் சாயுதுன்னா இழுவைதான் காரணம். டிவி பாத்துக்கிட்டே போட்டா ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தளரும், கோவத்துல போட்டாலும் அப்படித்தான் ஆகும், எனக்கே நடந்திருக்கு. வயர் விறைப்பா இருந்தா வெயில்ல கொஞ்ச நேரம் போட்டு எடுங்க, சொன்ன பேச்சு கேக்கும்.

பிரிக்கிறதுக்கு யோசிக்காதீங்க. பிரிச்ச வயர் கொஞ்சம் சுருண்டு கிடக்கும், நீவி விட்டா சரியாயிரும்.

யாழ்_கரையோரம்:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம். நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு எங்கட அம்மம்மா கண்ணுக்குள்ள வந்திட்டா. அவ பனையோலைப் பெட்டி இழைக்கிறவ. குருத்தோலையை வெயில்ல காயவிட்டு, ஈர்க்கை எடுத்துப்போட்டு, ஒரே அகலத்தில வார்ந்து, கொஞ்சத்தை சிவப்பும் பச்சையுமா சாயத்தில அவிச்சு எடுப்பா. இழைக்க முதல் ஓலையில தண்ணி தெளிச்சு ஈரத்துணியில சுத்தி வைப்பா, இல்லாட்டி வெடிச்சுப்போகும். பின்னேரம் முற்றத்தில இருந்தாவெண்டா கதையும் நடக்கும், பெட்டியும் வளரும். அவ ஒரு பெட்டியும் வித்ததை நான் காணேல்லை. ஊரில ஆருக்கும் கலியாணமெண்டா ஒரு பெட்டி போகும், பிள்ளை பிறந்தா மூடியோட சின்னப் பெட்டி ஒண்டு போகும்.

கேக் எங்கட வீட்டில எப்பவும் பட்டர் கேக்தான். அம்மா கேக் அடிக்கேக்க 500 கிராம் மாஜரின், 500 சீனி, 500 கோதுமை மா, 10 முட்டை எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா. மாஜரினையும் சீனியையும் அடிக்கிறதுதான் பெரிய வேலை, ரெண்டு விரலுக்கு இடையில எடுத்து உரசிப் பார்த்தா சீனிக் குறுணி தட்டுப்படக் கூடாது. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க வீட்டில அவண் இல்லை, தட்டத்தில ஊத்தி துணியால மூடி பேக்கரிப் போறணைக்குக் கொண்டு போவம். பாண் (ரொட்டி) போட்டு முடிஞ்ச பிறகு இருக்கிற சூட்டில வைச்சுத் தருவினம். சைக்கிள் கரியர்ல தட்டம் சரியாம நான் பிடிச்சுக்கொண்டு நடந்து வருவன், அந்த வாசம் வழி முழுக்க வரும்.

பண்ணினதை என்ன செய்யிறது எண்டு கேட்டீங்கள். குடுங்கோ அக்கா. ஆனா கேட்கிற ஆக்களுக்கு இல்லை, நீங்கள் ஆருக்குக் குடுக்க வேணுமெண்டு நினைக்கிறீங்களோ அவைக்கு. அம்மம்மா இழைச்ச கடைசிப் பெட்டியிலதான் அம்மா இப்பவும் தையல் ஊசி நூல் எல்லாம் வைச்சிருக்கிறா. சாயம் மங்கிப்போச்சு, ஒரு ஓலையும் விடேல்லை.

வயர்கூடை_திண்டுக்கல்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன்.

கோவை ஐயா, நீங்க சொன்ன மாதிரியே சோடாவ விட்டுட்டேன், தராசு வாங்கி 125 கிராம் மைதா நிறுத்துப் போட்டேன், 30 நிமிஷம் கதவுப் பக்கமே போகல, பொண்ணத்தான் காவலுக்கு உக்கார வச்சேன். நடுவுல குழி இல்லைங்க! மேல ஒரு சின்ன வெடிப்பு மட்டும் இருக்கு, அது பரவால்ல. சோப்பு வாசம்னு சொன்னீங்கள்ல, அது இவ்வளவு நாளும் இருந்துருக்கு, இப்ப இல்லாதப்பதான் தெரியுது. அடுத்து ரொட்டிதான், ஈஸ்ட் வாங்கி வச்சாச்சு. முதல் தடவை இன்னிக்கு மாதிரி வெயிலா இருந்தா ஐஸ் தண்ணியே ஊத்தலாமான்னு மட்டும் சொல்லுங்க.

கூடைமுடிச்சு, எண்ணிப் பாத்தேன், ஒரு பக்கம் 23, எதிர்ப்பக்கம் 22. நாலாவது வரி மூலைல ஒண்ணு விட்டுருக்கேன். ஒம்பது வரியையும் பிரிச்சுட்டேன், பிரிக்கிறப்ப மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா திரும்ப ஏறுறப்ப நேரா நிக்குது.

தூத்துக்குடி தங்கச்சி, வருஷத்துக்கு ஒரு தடவைங்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா இந்த வருஷம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். நேத்து பக்கத்துத் தெருக்கா வந்து விலை கேட்டாங்க, "இது விக்கிறதுக்கு இல்லக்கா, உங்களுக்கு வேணும்னா வாங்க, உக்காந்து கத்துத் தரேன்"னு சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு எந்த வயர் வாங்கணும்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க.

யாழ்ப்பாணத்து தங்கச்சி நீங்க எழுதினத எங்க பெரியம்மாவுக்கு போன்ல வாசிச்சுக் காமிச்சேன். அவங்களுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, கூடை போட்டு ஏழெட்டு வருஷமாச்சு. கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "எனக்கு ஒரு வெத்தலக் கூடை போட்டுக் குடுடி, சிவன் கண்ணு, அரக்குக் கலர்ல"ன்னாங்க. அரக்கு ரெண்டு ரோல் வாங்கிட்டேன். சிவன் கண்ணுல மூலை திரும்புறது எனக்கு மறந்து போச்சு, சனிக்கிழமை பஸ் ஏறி அவங்க வீட்டுக்கே போயி பக்கத்துல உக்காந்துதான் ஆரம்பிக்கப் போறேன். அவங்க விரலால தடவிப் பாத்தே எங்க தப்புன்னு சொல்லிருவாங்க.