ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு: ஒளியை நம்பலாமா?

மீனா:
என் மகனுக்கு எட்டு வயது, முதல் வகை நீரிழிவு. சர்க்கரை பார்க்க இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டால் தூக்கத்திலேயே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறான். விரல் நுனியெல்லாம் கரும்புள்ளி. தோலில் ஒளியைப் பாய்ச்சிச் சர்க்கரையைச் சொல்லும் கைக்கடிகாரத்தின் விளம்பரம் ஒன்று பார்த்தேன். ஆக்சிமீட்டர் விரலில் குத்தாமலே ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறதே, சர்க்கரையை மட்டும் ஏன் அளக்க முடியாது? வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஆய்வகவாசி:
வேண்டாம் சகோதரி. ஆக்சிஜன் ஏறினால் ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினின் நிறம் மாறும். 660, 940 நானோமீட்டர் ஒளியில் அது பளிச்சென்று தெரியும். ரத்தச் சர்க்கரையான குளுக்கோஸுக்கு நிறமே இல்லை. சர்க்கரை 100 (டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம்) என்பது ரத்தத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அகச்சிவப்பில் அது ஒளியை உறிஞ்சும் இடங்களில் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் முண்டியடிக்கின்றன. தோலின் வெப்பம் சற்று மாறினாலே கணக்கு குழம்பிவிடும்.

அப்படியொரு கடிகாரத்தை நானே சோதித்தேன். விரல் ரத்தத்தில் பார்க்கும் குளுக்கோமீட்டர் 243 காட்டியபோது அது 108 என்றது. ஈரத்துணி சுற்றிய பாட்டிலில் கட்டினேன். அதற்கும் 104 காட்டியது.

கதிரொளி:
அந்தக் கடிகாரம் மோசடி என்பதற்காக ஒளியையே ஒதுக்கிவிடுவதா நண்பரே? 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், உயிருள்ள பன்றிகளின் தோல் வழியே குளுக்கோஸுக்கே உரிய ராமன் நிறமாலைக் கோடுகளை, அதாவது அதில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் நிறமாற்றத்தில் தெரியும் அடையாளங்களை, நேரடியாகக் கண்டிருக்கிறார்கள். இது ஊகம் அல்ல, அளவீடு.

ஆய்வகவாசி:
அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் ராமன் சிதறலில் கோடிக்கணக்கான ஒளித்துகள்களில் ஒன்றிரண்டுதான் நமக்குச் செய்தி கொண்டுவரும். அதைப் பிடிக்க லேசரும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியும் வேண்டும். அசையாத விலங்கில் கிடைத்ததை, ஓடியாடும் குழந்தையின் மணிக்கட்டில் எதிர்பார்க்கலாமா? ஊசி குத்தாமல் தானே சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

மீனா:
இன்சுலின் அளவை அதை வைத்து முடிவுசெய்ய மாட்டேன் ஐயா. இரவில் மட்டும் ஒரு துணைக்கு?

ஆய்வகவாசி:
இரவில்தான் கூடவே கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு, 50க்கு இறங்கியிருக்கும்போது அது 105 என்று சொன்னால், நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். எனக்குப் பயமே அதுதான்.

கதிரொளி:
இதில் நானும் அவர் பக்கம்தான். தோலுக்கடியில் பொருத்தும் தொடர் கண்காணிப்பு சென்சாரைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பொருத்தும்போது ஒருமுறை குத்தும். பிறகு பத்து, பதினான்கு நாள் வரை தாங்கும். சர்க்கரை இறங்கினால் அலாரம் அடித்து எழுப்பும். ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும் என்பதால், அது காட்டும் எண்ணும் குழந்தையின் நிலையும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் பார்த்தே ஆகவேண்டும்.

மீனா:
கேட்கிறேன். ஆனால் அதுவரை இந்த விரல்கள்?

ஆய்வகவாசி:
நுனியின் நடுவில் குத்தாதீர்கள். பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். ஒவ்வொரு முறையும் விரலை மாற்றுங்கள், புது ஊசி போடுங்கள். வெதுவெதுப்பான நீரில் கை கழுவினால் அழுத்திப் பிழிய வேண்டியிராது.

மீனா:
நடுவில்தான் குத்திக்கொண்டிருந்தேன். இன்றிரவு மாற்றிப் பார்க்கிறேன்.