கொண்டோவில் 30 சார்ஜர்: பேட்டரி வாங்கினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி (மாடி12):
சிங்கப்பூரில் எங்கள் கொண்டோவின் எம்சிஎஸ்டி (நிர்வாகக் கழகம்) 30 கார் இடங்களுக்கு 7.4 கிலோவாட் மின்கார் சார்ஜர் போடப் பார்க்கிறது. மெயின் போர்டில் மிச்சம் 60 கிலோவாட்தான். 100 யூனிட் (கிலோவாட்மணி) பேட்டரி வைத்து, இரவு 11க்கு மேல் மலிவாக ஏற்றி மாலையில் கார்களுக்குக் கொடுங்கள் என்கிறார் விற்பனையாளர். பிறகு பக்கத்துக் கட்டடத்தின் சூரிய மின்சாரத்தையும் உள்ளூர்ச் சந்தையில் வாங்கலாமாம். நம்பலாமா?

பதில் (மூன்றுபேஸ்):
30 x 7.4 = 222 என்று பார்த்துப் பயப்படாதீர்கள். நாளுக்கு 50 கிமீ ஓடும் கார் சுமார் 8 யூனிட் கேட்கும். 30 காருக்கு 240. இரவு 10 முதல் காலை 6 வரை பரப்பினால், இழப்பும் சேர்த்து சராசரி 33 கிலோவாட். எல்லாரும் ஒரே நேரத்தில் செருகினாலும் சார்ஜர் தரக்கூடிய ஆகக் குறைந்த அளவு 6 ஆம்பியர், அதாவது 1.38 கிலோவாட், மொத்தம் 41. உங்கள் 60க்குள் அடங்கிவிடும். தேவை பேட்டரி அல்ல, இருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்குத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் சுமைப் பகிர்வுக் கட்டுப்பாடு.

சொதப்புவது நிறுவும்போதுதான். சிங்கிள் பேஸ் சார்ஜர்களை மூன்று பேஸுக்கும் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே பேஸில் குவிந்தால் மற்ற இரண்டும் சும்மா கிடக்க, அது டிரிப் ஆகும். மெயின் கேபிளில் மாட்டும் சிடி (மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) தலைகீழாக இருந்தால், சுமை ஏற ஏற இடம் மிச்சம் என்று கன்ட்ரோலர் நினைத்து இன்னும் திறந்துவிடும். கெட்டில், ஹீட்டர் போன்ற தெரிந்த சுமையைப் போட்டு ஒவ்வொரு பேஸையும் சரிபார்த்த பிறகே எல்இடபிள்யூ (உரிமம் பெற்ற மின்பணியாளர்) கையெழுத்துப் போடட்டும். பேஸ்மென்ட்டில் மொபைல் சிக்னலை நம்பாதீர்கள், கேபிள் இழுங்கள். தொடர்பு அறுந்தால் சார்ஜர் தானாக 6 ஆம்பியருக்கு இறங்க வேண்டும்; சில சார்ஜர்கள் 32க்கு ஏறிவிடுகின்றன!

பதில் (யூனிட்கணக்கு):
விலை வித்தியாசத்தில் லாபம் என்பதையும் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பகல் யூனிட் 27 காசு, இரவு 24 காசு ஒப்பந்தம் என்று வைப்போம். ஏற்றி இறக்கினால் 100இல் 88தான் திரும்பும். 24 / 0.88 = 27.3 காசு. பேட்டரி விலையைச் சேர்க்காமலே நஷ்டம்.

மின்சார மொத்த விற்பனைச் சந்தையின் விலைக்கே வாங்கினால் வித்தியாசம் பெரிதாகும், ஆபத்தும்தான். அரைமணிக்கொரு விலை, உச்சவரம்பு மெகாவாட்மணிக்கு 4,500 வெள்ளி, அதாவது யூனிட் 4.50 வெள்ளி. குடியிருப்பு நிர்வாகம் விளையாடும் இடமல்ல. பக்கத்துக் கட்டடத்தோடு நேரடியாக வயர் இழுத்து விற்றுக்கொள்வதும் இங்கே நடக்காது. சில்லறை உரிமமும் மீட்டரும் வேண்டும். உங்கள் கூரையில் பேனல் இருந்தால், அந்த மின்சாரத்தை உங்கள் மீட்டருக்கு உள்ளேயே பயன்படுத்த, நண்பகலில் சார்ஜிங் கட்டணத்தைக் குறைத்துக் கார்களை இழுங்கள். கைக்கு எட்டும் 'உள்ளூர்ச் சந்தை' அவ்வளவுதான்.

மாடி12:
அப்படியானால் பேட்டரிக்கு வேலையே கிடையாதா?

பதில் (மூன்றுபேஸ்):
உண்டு, டிசி (நேர்மின்னோட்ட) ஃபாஸ்ட் சார்ஜர் வைத்தால். 25 கிலோவாட் இணைப்பில் 60 கிலோவாட் சார்ஜர் என்று வைப்போம். ஒரு காருக்கு 40 யூனிட் போட 40 நிமிடம். அதில் 23 யூனிட் பேட்டரியிலிருந்து வரும். 50 யூனிட் பேட்டரி அடுத்தடுத்து இரண்டு காரைத் தாங்கும், மூன்றாவது 25க்கு இறங்கிவிடும். மறுபடி நிரம்ப ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இணைப்பை உயர்த்தும் செலவையும் மாதாமாத ஒப்பந்தக் கொள்ளளவுக் கட்டணத்தையும் (ஒதுக்கி வைத்த கிலோவாட்டுக்கான கட்டணம்) இதோடு ஒப்பிடுங்கள்.

பேட்டரி வாங்கினால் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையே கேளுங்கள். ஆனால் அதன் மின்னழுத்தம் நடுவில் ஏறத்தாழ மாறாமலே நிற்பதால், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்ற கணக்கு விலகும். அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றாவிட்டால், 30 சதவீதம் காட்டும்போதே நின்றுபோகலாம். இடம்தான் பெரிய தலைவலி. எஸ்சிடிஎஃப் (குடிமைத் தற்காப்புப் படை) தீப்பாதுகாப்பு விதிகளும் மின்சேமிப்பு அமைப்புகளுக்கான டிஆர் 77 தரமும் பொருந்த வேண்டும். வரைபடத்தை க்யூபி (தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர்) மூலம் அனுப்பி, அனுமதி வந்த பிறகே முன்பணம் கொடுங்கள். பேஸ்மென்ட்டில் வைக்கலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும்.